சுண்ணாம்பில் சிவக்காத மஞ்சள்

அத்தியாயம் ஐந்து

“என் வீட்டுக்காரர் கழுத்துல மஞ்சள் இருக்கு, மிஸ்டர் லெட்சுமணன். சோப்பு போட்டுத் தேய்ச்சாலும் போகல.”

இதைச் சொல்லிவிட்டு டொரத்தி அம்மாள், எங்கள் அண்ணன் லெட்சுமணனுக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் ஊற்றினார். எனக்குத் தகரக் குவளை. கெலாங் பாத்தாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆறு மைல் செம்மண் ரோட்டில் அண்ணனைப் பின்னால் உட்கார வைத்து சைக்கிள் மிதித்தவன் நான். வியர்வை என்னுடையது, பீங்கான் அவருக்கு. இந்தத் தொழிலில் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான் நடக்கிறது, எனக்கும் வயிறு எரியாமல் இருந்ததில்லை.

என் பெயர் செல்லப்பன். லெட்சுமணன் அண்ணன் ஜொகூர் பாருவில் ஒரு வக்கீலிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். மூன்று பாஷைகளில் பொய்யைக் கேட்டுக் கேட்டு, பொய் எந்தப் பாஷையிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று கண்டுகொண்டு, துப்பறிய வந்துவிட்டார். அவர் யோசிப்பார், நான் மிதிப்பேன். பத்திரிகையில் அவர் பெயர் இரண்டு தரம் வந்திருக்கிறது. என் சைக்கிளின் பெயர்கூட வந்ததில்லை.

1935-ம் வருஷம், புக்கிட் செராய் ரப்பர் தோட்டம். டொரத்தி அம்மாளின் கணவர் அமலநாதன் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர். அம்மாள் கான்வெண்டில் படித்தவர், முகத்துக்குப் பவுடர் தவிர வேறெதுவும் போடாதவர். அவர் சந்தேகப்படும் பெண் காளியம்மா. ஆஸ்பத்திரியில் புட்டி கழுவி, மாத்திரை மடிக்கிற வேலை. புருஷன் செத்து மூன்று வருஷமாகிறது.

“மூணு வருஷமா வெள்ளச் சேலையோட மூஞ்சி வாடிக் கெடந்தவ,” என்றார் அம்மாள். “ரெண்டு மாசமா மஞ்சப் பூசிக்கிட்டு மினுமினுன்னு வர்றா. யாருக்காகப் பூசுறா? அதே ரெண்டு மாசமா இவர் கழுத்துலயும் மஞ்சள்.”

விதவை மஞ்சள் பூசினால் தோட்டம் சும்மா இருக்குமா? கங்காணி பெண்சாதி ராஜம்மா முதலில் பார்த்தாளாம், அப்புறம் குழாயடியே பார்த்ததாம். காளியம்மாவிடம் கேட்டதற்கு, “நான் ஒண்ணும் பூசல” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாளாம். அந்தத் திமிர்தான் அம்மாளுக்குத் தாங்கவில்லை. கணவரோடு பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது.

மேஜைமேல் ஒரு கடிதம் தயாராக இருந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிய புகார். நாலு மணிக்குத் துரையின் கைக்குப் போய்விட்டால், நாளைக் காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், எல்லோர் முன்னாலும் காளியம்மாவின் பேரை அடித்துவிடுவார்கள். பிறகு அவளுக்கும் அவள் பையனுக்கும் தோட்டத்தில் கூரை கிடையாது. கடிதத்தின் அடியில் சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும். அதற்குத்தான் அண்ணனை வரவழைத்திருந்தார்.

“கண்ணால பாத்துட்டுப் போடுறேன்” என்று அண்ணன் எழுந்தார்.

உள்ளறையில் கட்டிலில் ஒரு பெண் குழந்தை கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டிருந்தது. டோரிஸ், ஆறு வயது. காய்ச்சலாம், மூன்றாவது தடவையாம். அண்ணன் அங்கே கொஞ்ச நேரம் நின்றார். நான் அந்த நேரத்தில் பீங்கான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதித் தேநீர் அப்படியே இருந்தது. வேண்டாதவருக்குத்தான் கிடைக்கிறது.

ஆஸ்பத்திரி என்பது ஒரு நீளக் கொட்டகை. டிரசர் லயத்துப் பக்கம், தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, போயிருந்தார். காளியம்மா மட்டும் மேஜை முன்னால் நின்று, சதுரமாக வெட்டிய காகிதத்தில் ஒவ்வொரு மாத்திரையாக வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடிப்பைச் சொல்ல வேண்டும். நாலு மூலையும் ஒன்றோடொன்று பொருந்தி, தைத்து வைத்தது மாதிரி இருந்தது. மடித்ததும் டிரசர் எழுதி வைத்திருந்த பெயர்கள் மேல்பக்கம் வந்து நின்றன.

முகம் மஞ்சள்தான். சந்தேகமே இல்லை. அண்ணன் தோற்றார், அம்மாள் ஜெயித்தார் என்று எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம். அவர் தோற்கிற நாளைப் பார்க்கத்தான் நான் இத்தனை வருஷமாக மிதிக்கிறேனோ என்னவோ.

காளியம்மாவின் காலடியில் நாலு வயசுப் பையன் ஒருவன் உட்கார்ந்து காலி புட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். வேலு என்று பெயர். வெற்றுடம்பு, அரைஞாண் கயிறு. அண்ணன் அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையைக் காட்டச் சொல்லி விளையாடினார். நான் மேஜையோரம் சாய்ந்து வெற்றிலை போட உட்கார்ந்தேன். சுண்ணாம்பு டப்பியை மேஜைமேல் வைத்துத் திறந்தேனோ இல்லையோ, எழுந்த அண்ணனின் முழங்கை இடித்து டப்பி கவிழ்ந்தது. தண்ணீர்ச் சுண்ணாம்பு மேஜை முழுக்க ஓடியது.

“அலமாக்” என்று மலாயில் அலறினேன். நல்ல டப்பி, பொந்தியானில் வாங்கியது.

மாத்திரைக் காகிதம் நனைந்துவிடக் கூடாதே என்று காளியம்மா பதறிப்போய்க் கையாலேயே சுண்ணாம்பை வழித்துத் தள்ளினாள். நெற்றியில் வியர்வை இறங்கியது. அதே கையின் பின்புறத்தால் துடைத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. அண்ணன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், வேறு வீட்டுப் பெண்ணை இவ்வளவு நேரம் பார்க்கலாமா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. பிறகு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

“என்ன பாத்த, செல்லப்பா?”

“என் டப்பி போனதப் பாத்தேன்.”

“ஆரத்தி எதுல கரைப்பாங்க?”

“மஞ்சள்லயும் சுண்ணாம்புலயும்.”

“கரைச்சா என்ன நெறம்?”

“செவப்பு. இது தெரியாம கல்யாணம் பண்ண முடியுமா...” என்று ஆரம்பித்தவன் வாயை மூடிக்கொண்டேன். காளியம்மாவின் கன்னத்தில் இருந்தது வெள்ளைக் கோடு. வெள்ளையாகவே வந்தது, வெள்ளையாகவே காய்ந்தது. அவள் முகத்தில் பூசு மஞ்சள் இருந்திருந்தால் அந்தக் கோடு ரத்தமாகச் சிவந்திருக்க வேண்டும்.

டிரசர் கழுத்துக்கும் அதே கதைதான் என்றார் அண்ணன். மஞ்சள் கறை சோப்பில் பட்டால் சிவக்கும், துணி துவைக்கிற யாரைக் கேட்டாலும் தெரியும். அம்மாள் சோப்பு போட்டுத் தேய்த்தும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்ததாம். அம்மாளே வாயால் சொன்னார், நாம்தான் தேநீரில் கவனமாக இருந்தோம் என்றார். “நாம்” என்று அண்ணன் மரியாதைக்குச் சொன்னது, குறி எனக்கு.

“அப்ப காமாலையா?” என்றேன்.

“கண்ணு வெளேர்னு இருக்கு. காமாலைன்னா மொதல்ல கண்ணுதான் மஞ்சளாகும். அதோட, அந்தப் பையனும் மஞ்சள். உள்ளங்கை, வயிறு எல்லாம். ஆம்பளப் பிள்ளைக்கு எவ மஞ்சள் பூசுவா? ரெண்டு மாசமா தோட்டமே அவ மூஞ்சியப் பாத்துச்சு. ஒருத்தரும் பிள்ளையப் பாக்கல.”

அந்த நேரத்தில் டிரசர் வந்துவிட்டார். ஒல்லியான, சாந்தமான மனிதர். கழுத்து மஞ்சள்தான், முகமும் மஞ்சள்தான். அண்ணன் சுற்றி வளைக்காமல், உடம்பை மஞ்சளாக்குகிற பொருள் எதுவும் ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று கேட்டார். டிரசர் கதவைச் சாத்திவிட்டு, கனத்த நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு டாக்டர், குளிர்காய்ச்சல் வராமல் தடுக்கிற புது மாத்திரையை அனுப்பியிருக்கிறார். அது நிஜமாகவே தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் இரண்டு லயம், மேட்டு லயம் ஒன்று, பள்ளத்து லயம் ஒன்று. ஒரு லயத்துக்குத் தினமும் மாத்திரை, மற்ற லயத்துக்கு இல்லை, காய்ச்சல் வந்தால் மட்டும் பழைய கொய்னா மருந்து. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் இரண்டையும் ஒப்பிட வேண்டும். எந்த லயத்துக்கு என்று டிரசர் தன் இஷ்டத்துக்கு முடிவு பண்ணக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. ஆகவே பெரட்டில் எல்லோர் முன்னாலும் காசு சுண்டினார். பள்ளத்து லயம் ஜெயித்தது. டிரசரின் வீடும் பள்ளத்துப் பக்கம் இருந்ததால் அதுவும் பட்டியலில் சேர்ந்தது.

மாத்திரை சாப்பிட்டால் தோல் லேசாக மஞ்சளாகும். முன்கூட்டிச் சொன்னால் ஜனங்கள் பயந்து துப்பிவிடுவார்கள் என்று டாக்டர் எழுதியிருந்தாராம். பள்ளத்து லயத்துப் பெண்கள் எல்லாம் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிறவர்கள், ஆண்கள் வெயிலில் கறுத்தவர்கள். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“காளியம்மா எந்த லயம்?” என்றார் அண்ணன்.

டிரசரின் முகம் மாறியது. மேட்டு லயம். அவள் மாத்திரை சாப்பிடவே கூடாது.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. டிரசர் ரகசியமாக அவளுக்குக் கொடுக்கிறார். டொரத்தி அம்மாளின் சந்தேகம் சரிதான், மஞ்சள்தான் தப்பு. அண்ணனுக்கு முன்னால் ஒரு தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்கிற அவசரத்தில் அதை அப்படியே போட்டு உடைத்தேன். டிரசர் உடனே தன் மகள்மேல் சத்தியம் செய்தார். வந்த மாத்திரை, போன மாத்திரை, இருக்கிற மாத்திரை மூன்றும் ஒத்துப்போவதை நோட்டில் காட்டினார். லயத்து ஆள் ஒவ்வொருவரும் அவர் கண் முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம்.

“லயத்து ஆளுங்க சரி,” என்றார் அண்ணன். “மாத்திரைக்குப் பலன் எப்படி?”

அற்புதமான பலன். பள்ளத்து லயத்தில் நாற்பத்தோரு வீடு. நாற்பது வீட்டில் காய்ச்சலே இல்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் மூன்று தடவை வந்திருக்கிறது. அதுதான் அவருக்குப் புரியவில்லை, சனிக்கிழமை சிங்கப்பூருக்கு எழுத வேண்டும், அந்த ஒரு வீட்டை என்னவென்று எழுதுவது?

“எந்த வீடு?”

டிரசர் நோட்டை மூடினார். “என் வீடு” என்றார்.

அண்ணன் நேரே டிரசர் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். சன்னலுக்கு நேரே ஒரு மூங்கில் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வாழைப் புதர். ஆஸ்பத்திரியிலிருந்து மேட்டு லயத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அதை ஒட்டித்தான் போகிறது. அண்ணன் வாழைச் சருகை விலக்கினார். அடியில் மழையில் ஊறிய வெற்றுக் காகிதங்கள், ஒன்றல்ல இரண்டல்ல. எல்லாவற்றுக்கும் மேலே, அன்றைக்குக் காலையில் வந்து விழுந்த இரண்டு பொட்டலங்கள், பிரிக்காமல் அப்படியே.

நாலு மூலையும் பொருந்திய மடிப்பு. ஒன்றின்மேல் டொரத்தி என்று எழுதியிருந்தது. மற்றதன்மேல் டோரிஸ்.

“மஞ்சளாக வேண்டிய ரெண்டு பேர் மஞ்சளாகல, செல்லப்பா. ஆகக் கூடாத ரெண்டு பேர் ஆயிட்டாங்க.” அண்ணன் மெதுவாகச் சொன்னார். “அந்தம்மா ஊத்துன தேத்தண்ணிய நீ பாத்த. நான் கையப் பாத்தேன். மூணு மாசம் மாத்திரை முழுங்குன கையா அது?”

கோப்பையைப் பார்த்தே ஒரு வழக்கைக் கோட்டை விட்டவன் நான். சொல்லி ஆற்றிக்கொள்ள இடமில்லை.

பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. மத்தியானச் சோற்றுக்குப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு காளியம்மா வந்தாள். அண்ணன் கையிலிருந்த பொட்டலங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். ஓடவில்லை. பையனைக் கீழே இறக்கிவிட்டு, சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துக்கொண்டாள்.

“நான் திருடல, ஐயா. வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்ததுதான்.”

முதல் நாள் தவறி விழுந்தது என்று நினைத்தாளாம். திருப்பிக் கொடுக்க வேலிவரைக்கும் போனாளாம். மறுநாளும் விழுந்தது. அதற்கடுத்த நாளும். தான் மடித்த மடிப்பு அவளுக்கே தெரியாதா? தன் கையால் மடித்ததால்தான் வந்து விழுகிறது என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது.

“டோரிஸ் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஒனக்குத் தெரியுமா?” என்றார் அண்ணன்.

“தெரியும்.” அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “சொன்னா மாத்திரை நின்னு போகும்னும் தெரியும். எனக்குப் பொறாமைதான் ஐயா, பொய் சொல்லல. போன மாசியில என் மூத்தது குளிர்காய்ச்சல்ல போச்சு. பெரட்டுல காசு சுண்டுனாங்க, எங்க லயம் தோத்துச்சு. தெனமும் நானே மாத்திரைய மடிக்கிறேன், எல்லாம் அடுத்தவ புள்ளைக்குப் போகுது. இது தூக்கிப் போட்ட மாத்திரை. எடுத்து இவனுக்குக் குடுத்தேன். நானும் தின்னேன். நானும் செத்துட்டா இவனுக்கு யாரு இருக்கா?”

கொல்லைக் கதவு திறந்தது. டொரத்தி அம்மாள் வாசலில் நின்றார், கையில் அந்தக் கடிதம். பின்னால் டிரசர், நோட்டும் கையுமாக. எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று தெரியாது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

டிரசர்தான் பேசினார். ஊரையே நாக்கைத் தூக்கச் சொன்னவர், மூன்று மாதமாகத் தன் வீட்டைக் கேட்கவே இல்லை. “ஏன் டொரத்தி?” என்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அது.

“அவ கையால மடிச்சது.” அம்மாள் காளியம்மாவைக் கை காட்டினார். “காளியம்மா மடிப்பு மாதிரி வருமான்னு நீங்க தெனம் சொல்லுவீங்க. சாப்பாட்டு நேரத்துல சொல்லுவீங்க. என்னத்த வச்சு மடிக்கிறாளோ, எனக்கு எப்படித் தெரியும்? ஒரு பொம்பளை இன்னொருத்தி புருஷனப் பிடிக்கணும்னா என்னென்ன குடுப்பான்னு நான் கேட்டிருக்கேன். நான் மாதா கோயிலுக்குப் போறவதான், ஜெபம் பண்றவதான். ஆனா அந்தப் பொட்டலத்தப் பாத்தா பயம் வந்துச்சு. எம்புள்ளைக்கு எப்படிக் குடுப்பேன்?”

உள்ளே டோரிஸ் முனகியது. அம்மாள் அந்தச் சத்தத்தைக் கேட்டார், பிறகு காளியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பையனைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் அவர் அவனைப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நான் அடித்துச் சொல்வேன். கொழுகொழுவென்று, மஞ்சள் வயிறும் தெளிந்த கண்ணுமாக, மூன்று மாதமாக ஒரு நாள் காய்ச்சலும் படாத பிள்ளை. அம்மாளின் கண்ணில் முதலில் வந்தது பச்சாத்தாபம் ஒன்றும் இல்லை, சுத்தமான பொறாமைதான். தன் பிள்ளைக்கு வர வேண்டிய தெம்பு அந்த உடம்பில் நிற்கிறதே என்கிற எரிச்சல். அது அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அண்ணன் அந்த இரண்டு பொட்டலங்களையும் அம்மாளிடம் நீட்டினார். டோரிஸ் என்று எழுதியதை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மாள் உள்ளே போனார். கடிதத்தையும் கூடவே எடுத்துப் போனார். அது அடுப்புக்குப் போனதா பெட்டிக்குப் போனதா, நான் பார்க்கவில்லை. நாலு மணிக்குத் துரை பங்களாவுக்குப் போகவில்லை, அது நிச்சயம்.

டிரசர் அங்கேயே வேலிமேல் நோட்டை வைத்து, பட்டியலில் தன் வீட்டுப் பெயர்களையும் காளியம்மாவின் பெயரையும் பையன் பெயரையும் அடித்தார். இவை கணக்கில் சேராது, காரணம் வீட்டுக் குழப்பம் என்று எழுதினார். மூன்று மாத வேலையில் ஒரு கறை. ஆனால் நிஜமான கறை, சனிக்கிழமை தைரியமாக அனுப்பலாம்.

காளியம்மா போகவில்லை. வேலை போகாது என்று டிரசர் சொன்னபிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

“நாளையிலேருந்து எங்களுக்கு இல்ல, அப்படித்தானே?” என்றாள்.

டிரசர் நோட்டையே பார்த்தார். மேட்டு லயம் இன்னும் மேட்டு லயம்தான். எண்ணி அனுப்பிய மாத்திரை, ஒன்றுகூட அதிகம் கிடையாது. அண்ணனும் தரையைப் பார்த்தார். உண்மையைக் கண்டுபிடித்து ஒரு பிள்ளையின் மருந்தைப் பிடுங்கியிருந்தோம். கெட்டிக்காரத்தனத்துக்கு இப்படி ஒரு முடிவு இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது, அந்த நிமிஷம் மட்டும் நான் அவர்மேல் பொறாமைப்படவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கொட்டகையில் தங்கினோம். காலையில் கிளம்பும்போது டொரத்தி அம்மாள் தேநீர் கொடுத்தனுப்பினார். இரண்டும் பீங்கான் கோப்பை. நான் மெதுவாக, கடைசிச் சொட்டுவரைக்கும் குடித்தேன்.

ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொல்லைப்புறத்தைத் தாண்டியபோது, சன்னல் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. வேலிக்கு மேலே ஏதோ பறந்து வந்து வாழைப் புதரில் விழுந்தது. நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

ஒரே ஒரு பொட்டலம். டொரத்தி என்ற பெயரை மையால் அடித்துவிட்டு, கான்வெண்ட் எழுத்தில் வேலு என்று எழுதியிருந்தது. பெரியவர்கள் மாத்திரை. பாதி உடைத்தால் பையனுக்குச் சரியாக இருக்கும். காளியம்மாவின் மடிப்பை முழுசாகப் பிரித்து, அம்மாள் தன் கையாலேயே மறுபடி மடித்திருந்தார். நாலு மூலையில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

“அப்ப அந்தம்மாவுக்கு?” என்றேன்.

“எடுத்த எடத்துலயே வை, செல்லப்பா” என்றார் அண்ணன்.

வைத்தேன். மேட்டுப் பக்கத்திலிருந்து காளியம்மா வருவது தெரிந்தது, இடுப்பில் பையன். நாங்கள் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை ரோட்டுக்குத் தள்ளினோம். அன்றைக்கு ஆறு மைலும் அண்ணன்தான் மிதித்தார்.